வரப்பில் காய்ந்த ஃபில்டர்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சுமதி அனுமந்தை ஊர் தாண்டியதும் "வண்டிய நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். மகள் கயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். "இனிமே என் புள்ள இதுல ஏறாது" என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டினேன். தனியாக... ஏசி போட்டுக்கொண்டு!

அப்படி என்ன சண்டை என்கிறீர்களா? இருமல்.

கயலுக்கு நாலு வயசு. நான் வேலை பார்க்கும் உப்பளத்து வரப்பில் நாள் முழுக்க ஓடினாலும் இருமமாட்டாள். காரில் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டால் போதும் — பத்தாவது நிமிஷம் ஆரம்பித்துவிடும். பெரிய முதலியார்சாவடியில் இருக்கும் மாமியார் வீடு போய்ச் சேர்வதற்குள் பிள்ளை மூச்சு வாங்கிச் சுருண்டுவிடுவாள்.

"கார்லதான் ஏதோ இருக்குது. ஈரத்துணி நாத்தம் வருது பாருங்க" என்று ஒரு மாசமாகச் சொன்னாள் சுமதி.

"உங்க அம்மா வூட்டு வாசனை அது. கிட்ட போகப் போக தூக்குது" என்றேன்.

வாய் சும்மா இருந்தால்தானே?

டாக்டரிடம் போனோம். "கார் ஏசி ஃபில்டரை மாத்திப் பாருங்க" என்றார். செல்போனில் ஒரு வீடியோ தேடினேன். முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் டப்பாவைக் கழற்றினால், உள்ளே விசிறி மடிப்பில் ஒரு பேப்பர் அட்டை. காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவது அதுதான். இழுத்தேன் — கன்னங்கரேல் என்று வந்தது! வீடியோவில் 'சுத்தம் பண்ணலாமா?' என்று கேட்டது வரைக்கும் பார்த்தேன். பதிலைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் பாதியில் எழுந்து வந்தவன்தான்.

எங்கள் பக்கத்தில் ஈரமானது எதுவானாலும் ஒரே வைத்தியம் — வரப்பில் போடு. மிளகாய், மெத்தை, மழையில் நனைந்த ஸ்கூல் பை... உப்பே காய்கிற வெயிலில் எது காயாது? உப்புப் பாத்திக்குப் பாய்கிற தண்ணீரில் ஃபில்டரை அலசி, வரப்பில் வைத்தேன். ரெண்டு மணி நேரத்தில் அப்பளம்! மாட்டிவிட்டு, "புதுசு தோத்துடும்" என்று சுமதியிடம் பீற்றிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. இருமல் இரண்டு மடங்கு.

பஸ்ஸிலிருந்து அவர்கள் இறங்கி மாமியார் வீட்டுக்குள் போனதைப் பார்த்துவிட்டு, நேராகக் கோட்டக்குப்பம் பஷீரிடம் போனேன். என் வகுப்புத் தோழன். வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்து இங்கே ஷெட் போட்டிருக்கிறான். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு.

ஃபில்டரை வெளியே எடுத்தான்.

"டேய், இத என்னடா பண்ணே?"

"கழுவினேன்."

"எதுல?"

"பாத்தித் தண்ணில."

விரலால் சுண்டினான். வெள்ளையாக உப்பு உதிர்ந்தது.

"மாங்கா இருந்தா எடுத்தாடா, தொட்டுக்கலாம். மணல் காத்துல ஓடுன வண்டியெல்லாம் பாத்துட்டேன். ஃபில்டர ஊறுகா போட்டவன் நீ ஒருத்தன்தான்!"

நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் அவன் சிரிக்காமல் சொன்னான். "இது பேப்பர்டா. இப்ப உப்பு வேற ஏறிடுச்சு. காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கினு நமுத்தே கெடக்கும். பூஞ்சை புடிக்கும். அந்தக் காத்தத்தான் உன் பொண்ணு இழுக்குது."

சுருக்கென்றது. உப்பு ஈரம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாதா? மழைக்கு முன்னால் உப்புக் குவியலை மூடுகிற கை இது. பாத்தியில் தெரிந்தது காரில் தெரியவில்லையே...

புது ஃபில்டரை, காற்று போகும் திசை காட்டும் அம்புக்குறி பார்த்து, அஞ்சு நிமிஷத்தில் மாட்டினான். "கடலோரத்து வண்டி. வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடு. கழுவாத!"

சாயங்காலம் மாமியார் வீட்டு வாசலில் நின்றேன். "தப்பு எம்மேலதான். ஏறு" என்றேன்.

சுமதி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

ஏறினாள். ஆனால் பின் சீட்டில்... கயலை மடியில் வைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, கதவில் ஒரு கை. ஏசி போட்டேன். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. கயல் பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி கதையை ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஒரு இருமல் கிடையாது.

சுமதி கண்ணாடியை முழுசாக ஏற்றினாள்.

கல்யாணமானவர்களே, வீட்டில் 'நாத்தம் வருது' என்று சொன்னால் மூக்கைத் திறங்கள் — வாயை அப்புறம் திறக்கலாம்.