கனகவல்லியும் அரை மில்லி தகரமும்

ஹைதராபாத்தில் கடந்த பன்னிரண்டு வருஷமாக நடக்கும் கல்யாணங்களில் கால்வாசியாவது கனகவல்லியின் முகத்தில்தான் ஆரம்பமாகின்றன. பெண், மாப்பிள்ளை, வாசல் கோலம் எல்லாம் அதற்கு அப்புறம்தான். போட்டோக்காரரின் மெமரி கார்டில் முதல் படம் அவள். அந்தப் படத்தில் அவள் சிரித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

விஷயம் இதுதான். அமீர்பேட்டில், கோச்சிங் சென்டருக்கும் பெண்கள் ஹாஸ்டலுக்கும் நடுவில் இருக்கும் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் அவளுடைய கேமரா வாடகைக் கடை. முதலில் அங்கே ரசீது போடும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். முதலாளி பெங்களூருக்குக் குடிபோனபோது கடை அவள் கைக்கு வந்தது. அதற்குள் எந்தக் கேமராவுக்கு எந்த லென்ஸ் சேரும் என்பது அவளுக்குக் குழம்புக்கு உப்பு போடுகிற அளவுக்குக் கைவந்திருந்தது. லென்ஸை மாட்டும் வளையத்துக்குப் படித்தவர்கள் மவுண்ட் என்பார்கள். கனகவல்லிக்கு அது வாய். கடைக்கு வருகிறவரிடம் பெயர் கேட்பதற்கு முன்னால் "எந்த வாய்?" என்றுதான் கேட்பாள்.

ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்று புது ரகக் கேமராக்கள் வந்ததும் வாய்ப் பிரச்சினை பெரிதாகிவிட்டது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வாயைத் தன் இஷ்டத்துக்கு அகலமாக்கிக்கொண்டது. நேற்றுவரை ஒட்டி உறவாடிய பழைய லென்ஸ், அதே கம்பெனியின் புதுக் கேமராவில் நுழையாது. நடுவில் அடாப்டர் என்று ஒரு உலோக வளையம் போட வேண்டும். கல்யாணத் தரகர் மாதிரி ஒரு பக்கம் கேமராவையும் மறுபக்கம் லென்ஸையும் பிடித்துக்கொண்டு நிற்கும் சாமான் அது. தன்னிடம் இருந்த அடாப்டர்களைக் கனகவல்லி எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தாள். குழிக்கு ஒன்று, அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

ஒரு சமயம் ஒரு மனிதர் லென்ஸை வாங்கிக்கொண்டு அவசரமாக வாரங்கல் போய், தாலி கட்டும் நேரத்தில் வாய் சேரவில்லை என்று போன் போட்டு அழுதார். அன்றைக்கு வந்தது சட்டம். வாடகைக்கு எடுக்கிறவர் எல்லாவற்றையும் அவள் கண் முன்னால் மாட்டி, கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவளையே ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். கண் இமை தெளிவாகத் தெரிந்தால்தான் சாமான் படி இறங்கும். சித்திப்பேட்டையில் ஒரு ஆல்பம்காரர் அவளைப் பெண்ணின் அத்தை என்று நினைத்து முதல் பக்கத்தில் முழு அளவில் போட்டுவிட்டார். பெண்வீட்டார் மாப்பிள்ளையின் அத்தை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அத்தை என்று நினைத்தார்கள். ஆல்பம் இன்றும் அப்படியே இருக்கிறது.

இப்படி ஊரார் படத்தில் எல்லாம் இருந்த கனகவல்லிக்கு, வேண்டியது என்னவோ ஒரே ஒரு படம்தான். தன் அண்ணனும் தம்பியும் ஒன்றாக நிற்கும் படம்.

அண்ணன் சின்னசாமி, தம்பி வேதாசலம். இருவரும் லாலாகுடா ரயில்வே பட்டறைக்காரர்கள். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த குடும்பம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மௌலாலியில் சின்னசாமி வீடு கட்டிப் புதுமனை புகுந்தார். குடும்பமாக நின்று படம் எடுத்தார்கள். சின்னசாமி வாங்கிய ஃப்ரேம் சிறியது, படம் பெரியது. ஃப்ரேம் கடைக்காரர் கேட்டாரா, இவரே சொன்னாரா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஓரத்தில் நின்ற வேதாசலத்தை வெட்டிவிட்டார்கள். அதையாவது ஒழுங்காக வெட்டினார்களா? கடிகாரம் கட்டிய கையின் முழங்கை மட்டும் படத்தில் மிச்சம் நின்றது. வேதாசலம் அண்ணன் வீட்டு ஹாலில் தன் முழங்கையைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்தான். அன்றிலிருந்து பேச்சு இல்லை. தீபாவளிக்குப் பலகாரம்கூட கனகவல்லி மூலம்தான் போய் வந்தது.

மகள் சுபாஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கனகவல்லி இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தாள். தாய்மாமன் இருவரும் ஒரே மேடையில் நின்று படம் எடுத்தே ஆக வேண்டும்.

"பத்து நிமிஷம் நிக்கறேன். அவன் அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடுவுல எல்லாரும் நிக்கணும்" என்றார் சின்னசாமி.

"நான் எங்க வேணா நிக்கறேன் அக்கா. ஓரத்துல மட்டும் நக்கோ, வேணவே வேணாம். ஓரத்துல நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றார் வேதாசலம்.

ஓரத்துக்கு வெளியே இன்னும் இரண்டு பேரை நிறுத்துவதாகச் சத்தியம் செய்து அவரைச் சம்மதிக்க வைத்தாள். மொத்தம் அறுபத்து நான்கு பேர், நான்கு வரிசை. யார் எங்கே என்று ஒரு அட்டையில் படம் போட்டு வைத்துக்கொண்டாள்.

போட்டோ எடுப்பது சலீமுடைய பொறுப்பு. லாலாகுடாவில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர், கடைக்குப் பத்து வருஷ வாடிக்கை. புதிதாக மிரர்லெஸ் வாங்கியிருந்தார், லென்ஸ்கள் பழையவை. அவருடைய அடாப்டர் அன்றைக்கு இன்னொரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. பெரிய முகூர்த்த நாள் என்பதால் அஞ்சறைப் பெட்டியும் காலி. நல்லவேளையாகக் கனகவல்லி சலீமுக்காக ஒரு அடாப்டரை முன்கூட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்தப் பத்திரமான வீட்டில்தான் நந்தகுமாரும் இருந்தார்.

நந்தகுமார் அவள் கணவர். குஷாய்குடா பக்கத்தில் உள்ள பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. முப்பது வருஷமாகச் சாமான்களை அளந்து, சரியில்லை என்று திருப்பி அனுப்புவதே வேலை. அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. குக்கர் மூடி, கேஸ் லைட்டர், சம்பந்தி கொண்டுவந்த வெள்ளித் தட்டு, எதையும் ஆட்டிப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அடாப்டரையும் ஆட்டிப் பார்த்தார். லென்ஸோடு சேர்த்துத் திருகினால் மயிரிழை ஆட்டம் இருந்தது. மகள் கல்யாணத்துக்குத் தான் எதுவும் செய்யவில்லையே என்று அவருக்கு வேறு குறையாக இருந்தது. ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, அரை மில்லிமீட்டர் தகரத்தில் வளையம் செய்து, அடாப்டரின் நான்கு திருகாணிகளைக் கழற்றி, அதன் மேல் தகட்டுக்கு அடியில் வைத்து முடுக்கினார். ஆட்டம் நின்றுவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

மறுநாள் கனகவல்லி கடைக்குக் கொண்டுபோன அந்த அடாப்டரைச் சலீம் மாட்டினார். இருந்த லென்ஸ் ஒவ்வொன்றையும் போட்டு, சட்டப்படி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற கனகவல்லியைப் படம் எடுத்தார். இமை இமையாகத் தெரிந்தது. "பாஸ்" என்றாள் அவள்.

கவுண்டரின் அகலம் நான்கு அடி. பன்னிரண்டு வருஷமாக அந்தச் சட்டம் நான்கு அடிக்குள்தான் நாட்டை ஆண்டுகொண்டிருந்தது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணம் காலையில் நன்றாகவே நடந்தது. சடங்குகளை எல்லாம் சலீம் முகத்தை நெருக்கிக் காட்டும் நீள லென்ஸில் எடுத்தார், ஒரு குறையும் இல்லை. பத்தரை மணிக்குக் கனகவல்லி அட்டையோடு மேடை ஏறினாள். அறுபத்து நான்கு பேரும் நின்றார்கள். சின்னசாமி வலது கோடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வேதாசலம் இடது பக்கம், தனக்கு அப்பால் இரண்டு பேர் நிற்கிறார்களா என்று திரும்பித் திரும்பி எண்ணிக்கொண்டிருந்தார். மண்டபம் சின்னது, நடுவில் தூண் வேறு. பின்னால் போக இடமில்லாததால் சலீம் அகல லென்ஸை மாட்டினார். எடுத்தார். திரையைப் பார்த்தார். லென்ஸைத் துடைத்தார். மறுபடி எடுத்தார்.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

அறுபத்து நான்கு பேரும் கஞ்சியில் விழுந்த மாதிரி கலங்கித் தெரிந்தார்கள். மேடைக்கு முன்னால் இருந்த சந்தனக் கிண்ணம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஃபோகஸ் பண்ணுய்யா!"

"கைக்கு? எதுக்குக் கத்துறீங்க? எட்டு அடிக்கு மேல போகவே மாட்டேங்குது. முட்டி நிக்குது."

"லென்ஸ் துளையைச் சுருக்கிப் பாரு, தூரமும் தெளியும்."

"வெளிச்சம் பத்தாது. ஃபிளாஷ் பேட்டரி தாலி கட்டும்போதே போயிடுச்சு."

கனகவல்லி அடாப்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் மஞ்சள் பெயின்ட்டோடு மெல்லிசாக ஒரு கோடு தெரிந்தது. அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின். லென்ஸ் கேமராவிலிருந்து அரை மில்லி தள்ளிப்போனால், அகல லென்ஸுக்குத் தூரத்துப் பார்வை போய்விடும் என்று அவள் எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்திருக்கிறாள். அவள் கண் மெதுவாக நந்தகுமார் பக்கம் திரும்பியது.

"ஆட்டிப் பாரு கனகு. இம்மி ஆடாது" என்றார் அவர், பெருமையாக.

"என்னங்க, ஸ்க்ரூடிரைவர் வச்சிருக்கீங்களா?" அவள் குரல் பயங்கரமாகத் தணிந்திருந்தது.

"நீதானே காலையில பட்டுச் சட்டைப் பையில எதுவும் வைக்கக் கூடாதுன்னு பிடுங்கி வச்சே?"

அதுவும் உண்மைதான். கனகவல்லிக்கு அழுகை முட்டியது. பதினோரு வருஷம் தூது நடந்து கூட்டிய கூட்டம் ஒரு பிஸ்கட் டின்னால் கலையப் போகிறது.

"ஏழு நிமிஷம் ஆச்சு" என்றார் சின்னசாமி மேடையிலிருந்து.

யாரோ போனில் எடுக்கலாமே என்றார்கள். "போன்ல எடுக்கறதுக்கா நான் வேட்டி கட்டிட்டு வந்தேன்?" என்று சின்னசாமி ஒரு படி கீழே இறங்கிவிட்டார்.

"மம்மி, இட்ஸ் ஓகே, லீவ் இட்" என்றாள் சுபாஸ்ரீ.

"நீ சும்மா இரு. சலீம், எட்டு அடிக்குள்ள எத்தனை பேர் கொள்ளும்?"

"ஏழு அடியில நின்னு எடுத்தா நாலு பேர். நெருக்கி நின்னா."

கனகவல்லி அட்டையைக் கிழித்தாள். "எல்லாரும் இறங்குங்க! பொண்ணு, மாப்பிள்ளை, தாய்மாமன் ரெண்டு பேரு. மத்தவங்க சாப்பிடப் போங்க!"

சாப்பாடு என்றதும் மேடை அரை நிமிஷத்தில் காலியானது. சின்னசாமியை அவளே கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு பக்கம், அடுத்தது அண்ணன், அதற்கடுத்துத் தம்பி. சலீம் ஏழாவது அடியில் முட்டி போட்டார்.

"பெரியவரே, இன்னும் ஒட்டி. ஹவ், ஹவ், அப்படித்தான். சின்னவர் ஃப்ரேமுக்கு வெளிய நிக்கறாரு."

வெளியே என்ற வார்த்தையைக் கேட்டதும் வேதாசலம் முகம் மாறியது. "பார்த்தியா அக்கா? மறுபடியும்!"

"ஒண்ணும் ஆகாதுடா!" கனகவல்லி மேடை ஓரத்தில் நின்றபடி அவர் விலாவில் கையை வைத்துத் தன் முழு பலத்தோடு தள்ளினாள். வேதாசலம் அண்ணன் மேல் போய் மோதினார். தடுமாறிய சின்னசாமி விழாமல் இருக்கத் தம்பியின் தோளை இறுக்கிப் பிடித்தார். பதினோரு வருஷத்தில் முதல் வார்த்தையைத் தம்பியிடம் சொன்னார்.

"வெயிட்டு போட்டுட்டியேடா!"

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நொடியில் சலீம் அழுத்தினார்.

அதோடு சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சின்னசாமி வேட்டியைச் சரிசெய்துகொண்டு முதல் பந்திக்குப் போனார், வேதாசலம் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து சின்னசாமி மெட்ரோவில் அமீர்பேட் வந்து, இரண்டு மாடி ஏறி, கவுண்டரில் மூச்சு வாங்கினார். கடையில் இப்போது புதுச் சட்டம் அமலில் இருந்தது. கனகவல்லியை எடுத்த கையோடு, ஜன்னல் வழியே தூரத்து மெட்ரோ தூணையும் எடுத்துக் காட்ட வேண்டும். தகரம் வைத்த அடாப்டர் மட்டும் அஞ்சறைப் பெட்டியில் நடுக்குழியில், வாடகைக்கு இல்லை என்று சீட்டு ஒட்டி உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

"அந்தப் படம் ஹாலுக்கு வேணும்" என்றார் சின்னசாமி. "என்கிட்ட இருக்கற ஃப்ரேம் சின்னது. அவன் பக்கம் கொஞ்சம் வெட்டி..."

கனகவல்லி கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, மவுஸை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வெட்டுங்க அண்ணா. எங்கன்னு சொல்லுங்க."

சின்னசாமி கோட்டை இழுத்தார். தம்பியை வெட்டினால் அவன் தோளைப் பிடித்திருந்த தன் கையும் மணிக்கட்டோடு போனது. கொஞ்சம் தள்ளினார். கை வந்தது; கூடவே தம்பியின் பாதி முகம், பாதிச் சிரிப்போடு வந்தது. இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தார். படத்தில் தன் ஐந்து விரல்களும் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கின்றன என்பதை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"சரி, முழுசாவே போடு. பெரிய ஃப்ரேம் வாங்கிக்கறேன்" என்றார். எழுந்தவர் மறுபடி திரையை உற்றுப் பார்த்தார். "அவன் பக்கத்துல, ஓரத்துல ஒரு முழங்கை தெரியுதே. பட்டுப்புடவை. அதையாவது வெட்டிடு, அசிங்கமா இருக்கு."

"நக்கோ அண்ணா" என்றாள் கனகவல்லி. "அது என்னோடது."