மானேஜர் கேட்ட பொருளாதார விதி

தாப்பாவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்தத் திமிரோடுதான் அன்று அம்மாவுடன் மலைமேல் ரிங்லெட் பக்கம் இருக்கும் தேயிலை எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன்.

கொழுந்து வெட்டும் இயந்திரத்தை நிரையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராகத் தூக்கிப் பிடித்து நடக்க வேண்டும். அந்த வேலையில் அம்மாவின் தோள் போய்விட்டது. வேலை இல்லையென்றால் எஸ்டேட் கொடுத்த லயன் வீடும் இல்லை. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். என் ஒற்றை அறைக்கு வர அம்மா சம்மதிக்கவில்லை. எப்படியாவது வீட்டைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் நானும் கூடப் போனேன்.

மானேஜர் நம்மவர்தான். "என்னம்மா செய்யறது? வேலைக்கு நேப்பாள்காரங்க வந்து எறங்கிட்டாங்க, அவங்களுக்கு வீடு வேணும். ஆள் கெடைக்கிற பக்கம்தான் வீடு போகும் லா. இது எகனாமிக்ஸ் விதி லா. டீச்சர், நீங்களே சொல்லுங்க, சரியா தப்பா?"

தப்பு என்று ஒரு சொல் போதும். பரீட்சைத் தாள் திருத்தித் திருத்திக் கெட்டுப்போன புத்தி, விடுமா? "அத மூனு விதமா பாக்குறாங்க சார்" என்று ஆரம்பித்தேன். பழைய சிந்தனைப் பள்ளியிலிருந்துதான் விடை தொடங்க வேண்டும் என்று பிள்ளைகளைப் படுத்துகிறவள் அல்லவா? பொருளாதார விதி மழையைப் போன்றது, தானாகப் பெய்யும், தேவை இருக்கும் பக்கம் பொருளும் தானாக நகரும், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று அழகாக விளக்கினேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களாம்மா? ஒங்க மகளே சொல்லிட்டாங்க."

"இருங்க சார், இன்னும் ரெண்டு இருக்கு." என்று அவசரமாகத் தடுத்தேன். விதி ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் வேறுபடும், ஆட்களை ஓடவிடாமல் வைக்கத்தான் இந்த மலையில் வேலையோடு வீட்டையும் முடிச்சுப் போட்டார்கள் என்பது இரண்டாவது. வீடு ஒருவர் கையிலும் உழைப்பு இன்னொருவர் கையிலும் இருக்கும்வரைதான் அந்த விதி செல்லும், மனிதர்கள் மாற்றினால் மாறும் என்பது மூன்றாவது. இவற்றைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவர் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லோரி வந்துவிட்டதென்று எழுந்து போய்விட்டார்.

லயனுக்குத் திரும்பும் வழியில் மீதி இரண்டையும் அம்மாவிடம் கொட்டினேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அவள் முழுவதையும் கேட்டாள்.

"மூனாவதுதான் நம்ம கதை," என்றாள். "அத ஏன்டி கடைசிக்கு வச்ச?"