ஓட்டிவிட்ட பந்தி

எங்கள் கல்யாண டிவிடியில் பந்தி வந்தாலே வேகமாக ஓட்டிவிடுவேன். தாலி கட்டியதை அரைகுறையாக எடுத்துவிட்டு, சாப்பிட்டவர்களை வரிசையாக எடுத்து வைத்திருந்த வீடியோக்காரர் மேல் எனக்குத் தீராத கோபம்.

புதிதாக வாங்கிய மெல்லிய லேப்டாப்பில் டிவிடி போட இடமே இல்லை. வெளியே மாட்டும் டிரைவ் வாங்க, லேப்டாப்பையும் டிவிடியையும் எடுத்துக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் இரண்டு டிரைவ் காட்டினார். ஒன்றில் டிவிடி பார்க்க மட்டும் முடியும். விலை கூடிய இன்னொன்றில் பதிவும் செய்யலாம். பார்த்தால் போதும் என்று மலிவானதை மாட்டி டிவிடியைப் போட்டுக் காட்டச் சொன்னேன். வழக்கம்போல் பந்தியை ஓட்டினேன்.

"அக்கா, கொஞ்சம் பின்னாடி போங்க," என்றார்.

பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா, பாயசம் போதுமென்று இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒங்க கல்யாணம் அன்னவாசல்லயா? இது எங்க அம்மாங்க. போன வருசம் தவறிட்டாங்க. போட்டோன்னா வெறப்பா நிப்பாங்க. சிரிச்ச மாதிரி ஒரு படம்கூட எங்ககிட்ட இல்லைங்க."

"பென்டிரைவ்ல போட்டுக்கிறீங்களா?"

"அப்பாவுக்கு டிவிடி பிளேயர்தாங்க போடத் தெரியும்."

விலை கூடிய டிரைவை மாட்டி அவருக்கு ஒரு பிரதி எடுத்தோம். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு அந்தச் சின்னதே போதுங்க," என்று மலிவானதை நீட்டினார்.

நான் பதிவு செய்வதையே வாங்கிக்கொண்டேன். அந்தப் பந்தியில் இன்னும் எத்தனையோ பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.