கருஞ்சாம்பல்

இந்த நாட்டில் தக்காளி ஒரு நிறம். பெரு என்ற தேசமும் ஒரு நிறம். ஒருவகை மண்ணிறத்துக்கு அந்தப் பெயர். என் மகள் ஆரணி கணினியில் ‘டொமேட்டோ’ என்று தட்டினால் திரையில் ஒரு சதுரம் சிவக்கிறது. யாரோ முன்பே நிறங்களுக்குப் பெயர் வைத்துச் சேர்த்த பட்டியல் அது. லைப்ரரி என்கிறாள். ஒரு புத்தகமும் இல்லாத லைப்ரரி.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரெஞ்சு பேசும் இந்த நகரில், வில்லரே பகுதியில் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறேன். ஆரணிக்கு ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் கணினி வேலை. வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே நிறம் தெரிவுசெய்ய ஒரு இணையப்பக்கம் வேண்டும் என்று கடை முதலாளி மதாம் அவளைக் கேட்டார். அவள் தனியாக எடுத்த முதல் வேலை. ஒரு சனிக்கிழமை காலை வெட்டும் மேசையில் மடிக்கணினியை வைத்துக் காட்டினாள். மதாமுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. திங்கட்கிழமையே திறந்துவிடலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். “வீ, வீ” என்றேன்.

இத்தனை வருடமாக என் பிரெஞ்சு அவ்வளவுதான். விளங்கினாலும் வீ, விளங்காவிட்டாலும் வீ. ‘நோன்’, இல்லை, என்று சொன்னால் மேலும் நாலு வசனம் பேச வேண்டி வருமே என்ற கூச்சம். நம்மவர்கள் பலருக்கு இது தெரியும்.

“நிறமெல்லாம் சரியா எண்டு கேட்டவ அப்பா. நீங்க ஓமெண்டுட்டீங்க” என்று மகள் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் இரண்டு சாம்பல் சதுரங்கள். ஒன்றின் கீழ் ‘கிரே’, மற்றதன் கீழ் ‘டார்க் கிரே’. கருஞ்சாம்பல் என்று பெயர் போட்டது வெறும் கிரேயைவிட வெளிறிக் கிடந்தது. அந்த வெளிறலைப் பார்த்து ஒருவர் துணி கேட்பார். நான் பெயரைப் பார்த்துக் கடும்நிறத் துணியை வெட்டி அனுப்புவேன். வெட்டிய துணியைத் திரும்ப எடுக்க முடியாது. பழி மகளின் முதல் வேலைமேல் விழும்.

ஆனால் கணினியைப் பிழை என்று சொல்ல நான் யார்? மட்டக்களப்பில் புடவைக்கடையில் நின்ற காலத்தில், வெங்காயத்தோல், மயில்கழுத்து என்று பெண்கள் கேட்பார்கள். குழல்விளக்கின் கீழ் நிறம் பொய் சொல்லும். சேலையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துக் காட்டுவதுதான் என் வேலை. நான் எடுத்துக் கொடுத்த நிறம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

இரண்டு சாம்பல் துணிச் சுருள்களையும் தோளில் தூக்கிப்போய் யன்னலோரம் விரித்தேன். மடிக்கணினியை அருகில் வைத்தேன். “நோன், மதாம்” என்றேன்.

மதாம் என்னைப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டார்: “உன் அப்பாவுக்கு நோன் சொல்லவும் தெரியுமா?”

ஆரணிக்கு முகம் சுருங்கியது. “அப்பா, உலகம் முழுக்க இந்தப் பேரத்தான் பாவிக்கிறாங்க.”

“உலகம் பாவிக்கட்டும் புள்ள. நீ துணியப் பாரு.”

பார்த்தாள். கணினியில் ஏதோ தேடி வாசித்தாள். குரல் இறங்கியது.

“ஓமப்பா. ரெண்டு பட்டியல ஒண்டாச் சேத்த நேரம் வந்த குழப்பமாம். இப்ப மாத்தினா பழைய பக்கமெல்லாம் குழம்புமெண்டு அப்பிடியே விட்டுட்டாங்க.”

படித்த எத்தனையோ பேர் பிழை என்று தெரிந்தே வைத்திருந்ததை என் கண்ணும் கண்டுபிடித்தது. அன்று நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஆரணி அந்தப் பட்டியலைக் கைவிட்டாள். ஒவ்வொரு சுருளையும் யன்னலில் பிடித்து நிறத்தை அளந்தாள். “பேர் சொல்லுங்க அப்பா” என்றாள். மாந்தளிர், பாக்கு, கத்தரிப்பூ என்று சொல்லச் சொல்ல எழுதினாள். வாடிக்கையாளர் பார்ப்பது பிரெஞ்சுப் பெயர். நிரலுக்குள் இருப்பது நான் சொன்ன பெயர். யாரோ ஒரு பெண் வீட்டிலிருந்து ‘ரோஸ் பால்’ என்ற வெளிர் ரோசாவைத் தொட்டால், கணினி உள்ளே போய் வெங்காயத்தோலைத் தேடி எடுத்து வருகிறதாம்.

கடையில் மதாம் நிறம் சொல்லிக் கூப்பிடுகிறார். “வீ, மதாம்” என்கிறது வாய். கை, சுருள்கள் அடுக்கிய தட்டுகளுக்கிடையில் தமிழில் தேடிக்கொண்டு போகிறது.