உறை கேட்டு வந்தவர்கள்

எங்கள் ஊரில் பாலுக்கு உறை கேட்டு வந்தவரை இல்லையென்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். சண்டை போட்டுப் பேச்சு நின்றுபோன வீட்டிலிருந்து டம்ளர் வந்தாலும் ஒரு கரண்டி மோர் ஊற்றித்தான் கொடுப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றுவார்கள், அவ்வளவுதான். உறை இல்லாமல் ஒரு வீட்டில் பால் வீணாகக் கூடாது என்பதில் கொட்டச்சேட்டுப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. நல்ல பழக்கம்தான். இப்போது எனக்குத் தூக்கம் கெட்டுக் கிடப்பது இந்த நல்ல பழக்கத்தால்தான்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேஷன் அரிசியில் பொறுக்கும் கல்தான். ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் எங்களுக்கென்று இருந்த சொத்தே ஒரு கல்தரைதான். மாமனார் காலத்தில் பாக்சைட் எடுக்கக் கொடுத்த மேட்டு நிலம் அது. மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளி, தாதுவை லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு மிஞ்சியது செம்பாறை. எங்கே போட்டாலும் முளைக்கிற உண்ணிச்செடிகூட அங்கே முளைக்காது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் என் கணவர் அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவார். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், சொத்து ஓடிப்போகாமல் இருக்கிறதா என்று பார்த்தேன் என்பார். அது எங்கே ஓடப்போகிறது என்று நானும் கிண்டல் செய்வேன்.

அந்த நிலத்தைத்தான் ஒரு கம்பெனி சோதனைக்குக் கேட்டு வந்தது. பொறுப்பாக வந்தவள் சென்னையில் படித்த ஓர் இளம்பெண். பாறையைத் தின்று மண்ணாக்கும் ஒரு நுண்ணுயிரை வளர்த்திருப்பதாகச் சொன்னாள். இங்கே பலித்தால் பாலைவனங்களுக்குக் கொண்டுபோவார்களாம். என்றாவது ஒருநாள் வேறு கிரகங்களையே விளைநிலமாக்கிவிடலாமாம். கொட்டச்சேட்டுக்குக் காலைப் பஸ் ஒழுங்காக வர ஏதாவது ஒரு உயிரைக் கண்டுபிடி, செவ்வாய் கிரகம் அப்புறம் ஆகட்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நல்ல பெண். நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அவளை நல்ல பெண் என்றுதான் சொல்வேன்.

கம்பி வேலிக்குள் நீல டிரம்களில் அந்த நுண்ணுயிர் கலந்த கலங்கல் தண்ணீர் இருந்தது. வெல்லத் தண்ணீர்தான் அதற்குத் தீனி. ஊர்ப் பெண்கள் பூவாளியில் மொண்டு பாறையில் ஊற்றவேண்டும். ஒரே ஒரு கட்டுப்பாடு, உப்பு ஆகாது. உப்புப் பட்டால் அது செத்துவிடும். அதனால் மதியச் சோறு தின்றவர்கள் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் டிரம்மைத் தொடவேண்டும்.

கோடை முடிவதற்குள் பாறை மேலாக உதிர ஆரம்பித்தது. முதல் மழையில் தண்ணீர் ஓடாமல் உள்ளே இறங்கியது. ஆடியில் கேழ்வரகு விதைத்தோம், முளைத்தது. பெற்ற தாய் செத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற என் கணவர், அந்தப் பயிருக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. இத்தனை வருஷம் கிண்டல் செய்த வாய் அன்றைக்கு அடைத்துப்போனது.

வேலைக்குப் போன பெண்கள் அந்தத் தண்ணீருக்கு வைத்த பெயர்தான் உறை. ஒரு சொட்டு விட்டால் சட்டி முழுவதும் அதுவாகிவிடுகிறதே, வேறென்ன பெயர் வைப்பார்கள்? பெயர் வைத்ததோடு நிற்கவில்லை. டிபன் பாக்ஸில் கொஞ்சம் வீட்டுக்கு வந்தது. யாருக்கும் அது திருட்டாகத் தோன்றவில்லை. எடுத்தால் குறைகிற பொருளா உறை? ஒரு வீட்டில் வாசலில் துருத்திக்கொண்டிருந்த பாறைக்கு ஊற்றினார்கள். அடுத்த வீட்டில் கக்கூஸ் குழி தோண்ட ஊற்றினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் டம்ளரில் போனது. வெல்லம் எதற்கு என்று புளித்த கேழ்வரகுக் கஞ்சியை ஊற்றி வளர்த்தார்கள். கஞ்சி குடித்து, சட்டிக்குச் சட்டி மாறி, அது வேறு ஏதோவாக ஆகிவிட்டது. கம்பெனி டிரம்மில் இருந்தது ஒரு பருவம் முழுக்கச் செய்த வேலையை அடுப்படிச் சட்டியில் இருந்தது சில வாரங்களில் முடித்தது. ஊரே இதைச் சாமர்த்தியம் என்று பேசிச் சிரித்தது.

என் நாத்தனாரும் ஒரு சட்டி வைத்திருந்தாள். என் கணவரின் தங்கை. புருஷனை இழந்தவள். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, எங்கள் நிலத்துக்குக் கீழே சரிவை ஒட்டிய வீட்டில் இரண்டு மாடுகளோடு தனியாக இருந்தாள். என் சாம்பாரில் அவளுக்குக் குறை, அவள் வாயில் எனக்குக் குறை. ஆனாலும் இரண்டு நாள் அவள் வரவில்லை என்றால் எனக்கு வீடு வீடாக இருக்காது. அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. அது போனால் மாட்டுக்கொட்டகையைப் பெரிதாக்கலாம் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெடி வைக்க அனுமதி கிடைக்கவில்லை. உறை கிடைத்தது.

கேழ்வரகு கதிர் வாங்கிய சமயம், கம்பெனி மேனேஜரோடு இரண்டு பேர் காரில் வந்தார்கள். யாரென்று சொல்லவில்லை. என் கணவர் ஆசை ஆசையாகக் கதிரை வளைத்துக் காட்டினார். அவர்கள் கதிரைப் பார்க்கவில்லை. நிலத்தின் விளிம்புக்குப் போய், கீழே மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் காபி கொண்டுபோனபோது, தார் ரோட்டுக்கு அடியில் இது போகுமா, எத்தனை ஆழம் போகும், மழைக்கு எத்தனை நாள் முன்னால் ஊற்றவேண்டும் என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். குரலில் அவ்வளவு மரியாதை. காபி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அவர்கள் போனதும் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க யாரும்மா?"

"எனக்கே சரியாத் தெரியல டீச்சர். அவங்களுக்கு மண்ணு வேண்டாம். எதிரி நாட்டுல ஒரு மலையையோ அணையையோ சத்தமில்லாம சரிய வைக்க முடியுமான்னு பாக்கறாங்க. மழையில சரிஞ்சதுன்னு எல்லாரும் நெனச்சுக்குவாங்க இல்லையா."

கம்பெனி உறை மெதுவாகத்தான் வேலை செய்யும், அதற்கெல்லாம் உதவாது என்று அவர்களிடம் சொல்லிவிட்டதாக அவள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுப்படிச் சட்டிகளைப் பற்றி நான் அப்போதே சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. அன்றைக்கே வீடு வீடாகப் போய், உப்பைப் போட்டுக் கொன்றுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லோரும் உட்கார வைத்துக் காபி கொடுத்து, சரி கண்ணு, சரி சாமி என்றார்கள். ஒருவரும் போடவில்லை. என் நாத்தனாரிடம் நானும் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தேன். எனக்குக் கொட்டகை வருவது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்று கேட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு மதியம், நான் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. நாத்தனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்தப் பாறைதான் மேலே இருந்த சரிவு முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பாறை மண்ணாகிவிட்டது. மண் மழைத் தண்ணீரைக் குடித்தது. சரிவு மொத்தமாக இறங்கி, கொட்டகை, இரண்டு மாடுகள், சமையலறை எல்லாவற்றையும் மூடிவிட்டது. நாத்தனார் முன்னறையில் டிவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்ததால் பிழைத்தாள். அந்த சீரியலைப் பற்றி எத்தனை நாள் அவளைக் கேலி செய்திருப்பேன்! இனி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மாடு இருந்த பக்கமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. கையைப் பிடித்து இழுத்து எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள், பஞ்சாயத்து ஆட்கள் வருவதற்கு முன்னால், அந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். ஒருவர் குனிந்து சரிந்த மண்ணை ஒரு கை அள்ளி, விரலால் தேய்த்துப் பார்த்தார். பிள்ளை பரீட்சையில் பாஸ் என்று கேட்டவர் முகம்போல அந்த முகம் மலர்ந்தது. மாட்டின் கொம்பு ஒன்று மண்ணுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்த இடத்தில் நின்றுகொண்டு அவர் அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் பார்த்தேன். அந்த ஆளை அறைய வேண்டும்போல எனக்கு இருந்தது. அறைந்திருக்கலாம்.

யார் சொன்னார்களோ, இது கம்பெனி உறையின் வேலையல்ல, வீட்டு உறையின் வேலை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மேல் தெருவிலிருந்து வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மிரட்டல் கிடையாது, போலீஸ் கிடையாது. கொஞ்சம் உறை கிடைக்குமா அம்மா என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். எங்கள் ஊர் வார்த்தையைக்கூடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இல்லையென்று சொல்லிக் கதவைச் சாத்தச் சொல்லுவோம் என்று நான் குதித்தேன். முந்தின நாளிலிருந்து சுருண்டு படுத்திருந்த நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒறை கேட்டு வந்தவங்கள இல்லைன்னு அனுப்பக் கூடாதுங்க அண்ணி. அது நம்மூட்டுப் பழக்கமில்ல. குடுக்கலாம். என்ன குடுக்கறோம்கிறது நம்ம கையிலதான இருக்குது."

உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகவே இறங்கினாள். எல்லா வீட்டுக்கும் பின்வாசல் வழியாகப் போய், அவரவர் சட்டியில் ஒரு கை உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, கேட்டால் முகம் கோணாமல் ஊற்றிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு முன்னால் அவர்கள் போய்விட்ட வீடுகளில், நாங்களே உப்புப் போட்டுத்தான் கொடுத்தோம் என்றார்களாம். வீட்டுக்கு ஒரு சின்ன பாட்டில் நிரப்பிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, கார் அடிவாரம் பக்கமாக இறங்கிப் போனது.

அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் எந்தப் பாறையையும் நம்ப முடியவில்லை. வேனில் உப்பு மூட்டைகள் மேலே வந்தன. ஊற்றிய இடத்திலெல்லாம் உப்பைக் கரைத்து ஊற்றினோம். எங்கள் நிலமும் அதில் சேர்த்திதான். அதன் கீழ்விளிம்பு சரிவின் தலையில் இருக்கிறது. வேறு யாராவது ஊற்றட்டும், நீங்கள் வரவேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அறுக்காத கேழ்வரகுக்கு நடுவில் வரிசை வரிசையாக அவரே குடத்தைத் தூக்கி ஊற்றினார். தங்கை ஒரு ஓரத்தில் நின்று, அண்ணா, என்னாலதானே என்றாள். அவர் நிமிராமலே சொன்னார்.

"நீ உசுரோட நிக்கறியே சாமி. நெலம் கெடக்குது, போ."

அப்படிச் சொன்னவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அங்கே போய் நிற்பதை விட்டுவிட்டார். பூசை முடிந்தால் நேராக வீட்டுக்கு வருகிறார். கல்லாக இருந்தபோதுகூட அந்த நிலத்தைப் பார்க்கப் போனவர் இப்போது அந்தத் திசைக்குத் திரும்புவதில்லை. எனக்கு இதை யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியவில்லை.

நாத்தனார் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். என் சாம்பாரில் தினமும் குறை சொல்கிறாள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆகிவிட்டது. எவன் எந்த நாட்டில் என்ன செய்தால் என்ன, நாம் கொடுத்தது செத்த உறை என்று நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், போன வாரம் வரைக்கும்.

போன வாரம் ஒருநாள் காலையில் பால் உறையவில்லை. மேல் வீட்டில் கொடுத்த மோர் ரொம்பப் பழசாக இருந்திருக்க வேண்டும். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே டம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு மறுபடியும் கேட்கப் புறப்பட்டாள். வாசற்படி வரைக்கும் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். செருப்பு எங்கே என்று தேடுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். என்னைப் பார்த்த அந்தப் பார்வையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"செத்த ஒறையின்னா ஒறையாதுங்க. ஒறையலைன்னா மறுக்காவும் டம்ளரைத் தூக்கிட்டு வந்துதான ஆகோணும்?" என்றாள். "கார்ல வந்தவங்க மறுக்கா வரவே இல்லையே அண்ணி."

எல்லா வீட்டு பாட்டிலும் செத்திருந்தால் அவர்கள் அந்த வாரமே திரும்பி வந்திருப்பார்கள். ஏதோ ஒரு வீட்டு உறை அவர்களுக்கு உறைந்திருக்கிறது. எந்த வீடு என்று கேட்கவும் முடியாது. கேட்டு இனி ஆகப்போவதும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்தால் என் காது வாசலில்தான் இருக்கிறது. யாராவது படியேறும் சத்தம் கேட்டால், கடவுளே, அந்த இரண்டு பேராக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கதவைத் திறக்கிறேன்.