உங்கை எங்கே இருக்கிறது?

1. மூன்று மணி நாற்பது

பிற்பகல் மூன்று மணி நாற்பதுக்கு நான் கவுண்டரை விட்டு எழுந்தேன். பிழை அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. அதுவரைக்கும் பஸ்ஸில் வந்து இறங்காத ஒரு பிள்ளையும் காத்திருந்த ஒரு தகப்பனும்தான் இருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடமாகத் தபாற்கந்தோர்களில் வேலை செய்கிறேன். கடைசி ஒன்பது வருடம் கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய கந்தோருக்குப் பொறுப்பாக இருக்கிறேன். தபால் கட்டும் நேரத்துக்கு, கடிதப் பையைக் கட்டிச் சீல் வைத்து வண்டியில் ஏற்றும் நேரத்துக்கு, முன் ஒருநாளும் கவுண்டரை விட்டதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிமார், அன்றைக்கு ஏன் பை கட்டப்படவில்லை என்று கேட்டபடியால் இதை எழுதுகிறேன். நடந்து ஒரு மாதமாகிறது. அரக்கு உருக்கிச் சீல் வைக்கும்போது இன்னும் ஒருதரம் தெருவை எட்டிப் பார்க்கிறேன். எனக்கே முழுவதும் விளங்காததை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது என்றும் தெரியவில்லை.

2. சிலேட்டு

எங்கள் கந்தோர் வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் ‘தபால் கட்டும் நேரம் 4.30’ என்று எழுதியிருக்கும். கீழ்ப்பாதி சும்மா கிடந்தது. றெஜிஸ்டர் கடிதம் பதியக் காத்து நிற்கும் சனம் பொழுது போகாமல் சண்டை பிடிக்கும்.

நான் கல்லூரியில் தர்க்கம் படித்தவன். கோயில் மண்டபத்தில் பண்டிதர்கள் அதை எடுத்துப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். வரிசையில் நிற்பவனுக்கும் அதில் ஒரு வாய் கிடைக்கட்டுமே என்று, திங்கட்கிழமைதோறும் சிலேட்டின் கீழ்ப்பாதியில் ஒரு கேள்வி எழுதத் தொடங்கினேன்.

முதற்கேள்வி: ‘தபாலில் போட்ட கடிதம் யாருடையது? எழுதியவருடையதா, பெறுகிறவருடையதா?’

குருநகரிலிருந்து பின்னேரச் சந்தைக்கு மீன் கொண்டுவரும் அன்னம்மா அன்றைக்கு வரிசையில் நின்றாள். திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்யும் புருஷனுக்கு என்னைக் கொண்டுதான் அவள் கடிதம் எழுதுவிப்பாள். கேள்வியையும் என்னையே வாசித்துக் காட்டச் சொன்னாள்.

“வலைக்குள்ளை கிடக்கிற மீன் ஆரின்ரை, ஐயா? கடலின்ரையுமில்லை, என்ரையுமில்லை. கரைக்கு வரட்டும், பிறகு கதைப்பம்.”

“அப்ப வழியிலை நிக்கிற கடிதம்?” என்று கேட்டேன்.

“அது கந்தையாண்ணையின்ரை சைக்கிளின்ரை.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கந்தையா அண்ணை எங்கள் தபாற்காரர். அவருந்தான் சிரித்தார்.

பரிசோதனைக்கு வந்த மேலதிகாரி ஒருவர், “உது என்ன காணும் கூத்து?” என்றார். அழிக்கச் சொல்லப்போகிறார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் கந்தையா அண்ணையோடு அரைமணி நேரம் வாதாடி, தேத்தண்ணியையும் ஆறவிட்டுவிட்டுப் போனார்.

பிழை நடந்த கிழமை எழுதிய கேள்வி: ‘உங்கை எங்கே இருக்கிறது?’

எங்கள் பேச்சில் இடம் மூன்று. நான் நிற்பது இங்கை. இருவருக்கும் எட்டத்தில் உள்ளது அங்கை. என்னோடு கதைக்கும் உங்கள் பக்கம் உங்கை. ஆனால் நான் உங்கை என்பதை நீங்கள் இங்கை என்பீர்கள். அப்படியானால் உங்கை என்று ஓர் இடம் உண்டா?

“அது நாய்க்குட்டி மாதிரி, ஐயா,” என்றார் கந்தையா அண்ணை. “ஆள் எழும்பிப் போனால் உங்கையும் பின்னாலை போகும்.”

நல்ல பகிடி என்று நினைத்தேன்.

3. துண்டு

என் மகள் பூரணத்துக்குப் பதினொரு வயது. தாய் இறந்தபின் நல்லூரில் என் அக்கா வீட்டில் நின்று படிக்கிறாள். சனி ஞாயிறு என்னோடு இருப்பாள். திங்கள் காலையில் சிலேட்டை வாசிக்காமல் பஸ் ஏறமாட்டாள்.

புதன்கிழமை இரண்டு மணிக்குப் பட்டினத்துத் தபாலோடு கந்தையா அண்ணை, நல்லூரில் அவள் கொடுத்துவிட்ட துண்டுக் கடிதம் ஒன்றையும் கொண்டுவந்தார்.

‘அப்பா, பள்ளிக்கூடம் நேரத்தோடை விட்டிட்டுது. மூண்டு மணி பஸ்ஸிலை உங்கை வாறன். உங்கையே நில்லுங்கோ.’

இரண்டு ‘உங்கை’க்கும் கீழே கோடு போட்டிருந்தாள். சிலேட்டுக்குத் தந்த மறுமொழி என்று விளங்கியது. மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

பஸ் வந்தது. அவள் இறங்கவில்லை. வெள்ளைக்காரரின் யுத்தம் தொடங்கியதிலிருந்து அந்தத் தெருவில் பட்டாள லொறிகள் பறந்துகொண்டிருந்தன. மூன்று நாற்பதுக்கு யாரோ சைக்கிளில் போனபடியே, “இருபாலைச் சந்தியிலை லொறி அடிச்சுப்போட்டுது!” என்று கத்திவிட்டுப் போனான். யாரை அடித்தது என்று சொல்லவில்லை.

“ஐயா, நான் போய்ப் பாக்கிறன். நீங்கள் நில்லுங்கோ,” என்றார் கந்தையா அண்ணை.

அவருடைய சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

நல்லூர் பஸ் வரும் வழியில் இருக்கும் அந்தச் சந்தியில் ஒரு மாட்டுவண்டில் கவிழ்ந்து கிடந்தது. தெரு நிறையக் கத்தரிக்காய். “பிள்ளை ஒண்டைக் கண்டியளோ?” என்று வண்டில்காரரைக் கேட்டேன். “என்ன நிறச் சட்டை?” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லூருக்கே போனேன்.

“இங்கை இல்லையடா தம்பி,” என்று அக்கா பதறினாள். “உங்கை எண்டுதானே வெளிக்கிட்டவள்!”

அவள் விரல் என்னைக் காட்டியது. நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். அங்கே முற்றத்து மணல்தான் இருந்தது. அவ்வளவு குழப்பம்.

4. திரும்பி வந்தபோது

ஐந்து மணிக்குப் பிறகுதான் கந்தோருக்கு வந்தேன். தபால் வண்டி காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. சீல் வைக்க என்னைத் தவிர ஆளில்லாமல் பை வாய் திறந்தபடி கிடந்தது. எத்தனை வீட்டுக் கடிதங்கள் என்று நினைக்கவும் எனக்கு நேரமிருக்கவில்லை.

“எங்கை போனியள், ஐயா? நாலு மணிக்குப் பிள்ளை வந்தவள்!” என்று கந்தையா அண்ணை கத்தினார். “பஸ்ஸைத் தவறவிட்டிட்டு நிண்டவளைச் சந்தைக்கு வந்த அன்னம்மா தெருவை விட்டு ஒழுங்கையளாலை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தவ. நீங்கள் சந்திக்குப் போயிட்டியள் எண்டன். ‘அப்ப உங்கை சந்திக்குப் போயிட்டுது’ எண்டு சொல்லிப்போட்டு ஓடினாள். அன்னம்மாவும் பின்னாலை, அதே ஒழுங்கையாலை. என்னாலை கந்தோரை விட்டிட்டு ஓட ஏலுமே?”

அவள் உயிரோடு இருந்தாள். மறுபடியும் லொறி ஓடும் பக்கம் போயிருந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் என் தலைக்குள் போகவில்லை. சிலேட்டைச் சட்டைக் கையால் அழித்தேன், 4.30 உம் சேர்ந்து அழிந்தது. பிறகு சைக்கிளைத் திருப்பினேன்.

கந்தையா அண்ணை ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டார். “இனி அசையாதையுங்கோ.”

“விடுங்கோ, கந்தையா அண்ணை.”

“விடமாட்டன். நீங்கள் போக அவள் வருவாள். நீங்கள் வர அவள் போவாள். விடியுமட்டும் உதுதான் நடக்கும்.”

படியில் உட்கார்ந்திருந்தேன். தகப்பன் தேடிப் போகாமல் இருப்பது சரிதானா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் நிச்சயமில்லை. ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து இருந்தேன். இந்த ஒரு மாதமாகச் சிலேட்டில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. பிழை கேள்வியிலா என்னிலா என்று தெரியாமல் கீழ்ப்பாதியைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பூரணம் ஒவ்வொரு திங்களும் அந்த வெறுமையைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்தபின் ஒழுங்கையால் அன்னம்மா வந்தாள். தலையில் ஒரு கையால் பிடித்தபடி, விற்காத மீனோடு ஓலைக் கடகம். மீன் நல்லாய் வாடி மணத்தது. மற்றக் கையில் பூரணம். சட்டை நீலம். நான் எழுந்து ஓடப்போனேன்.

“நில்லுங்கோ, நில்லுங்கோ, உங்கையே நில்லுங்கோ!” என்று அன்னம்மா தூரத்திலேயே கை காட்டினாள். கிட்ட வந்து கடகத்தை இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“பிள்ளை கோடும் போட்டெல்லோ எழுதினவளாம். நீங்கள் எழும்பி ஓடினால், ஐயா, அவள் எந்த உங்கைக்கு வாறது?”