கட்டைவிரலில் போன ராஜா

இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பழைய காசு பார்க்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டால் கிளைவ் தர்கெட்டல் பெயரைத்தான் சொல்வார்கள். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். முப்பது வருஷம் சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு லாரி ஓட்டியவர். ஆனாலும் பட்டம் வாங்கியவர்கள் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள், காசிலுள்ள சிலுவையைப் பார்த்தே எந்த ராஜா என்று சொல்லிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். மீதிப் பத்தில் புத்தகம்தான் தப்பு.

தேவாலயத்துப் பக்கத்து வயலில் ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய ராஜா காசு கிடக்கிறது என்று இருபத்தாறு வருஷமாகச் சாதித்து வந்தார். அருங்காட்சியகத்தார் சிரித்தார்கள். ஒரே ஒரு காசு, அந்த ராஜா பெயரோடும் தன் பெயரோடும், அவர்கள் பதிவேட்டில் ஏற வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியது. வரும் திங்கட்கிழமை அந்த வயலில் சூரிய மின்சாரத் தகடு நட வருகிறார்கள்; அப்புறம் தோண்ட முடியாது.

சனிக்கிழமை சாயங்காலம் அங்கே அவருடைய உலோகம் தேடும் கருவி கூவியது. நான்கு விரற்கடை ஆழத்தில், மண் அப்பிய சின்ன வெள்ளி வில்லை.

"தேய்க்காதய்யா, மண்ணோட டப்பியில போடு," என்றார் கூட வந்த பாரி ஸ்னெல்லிங்.

"எனக்கே சொல்லித்தரியா? பீர் மூடிய ரோமாபுரிக் காசுன்னு வீட்டுக்குக் கொண்டுபோனவன்தானே நீ."

"அது ஒரு தடவதான்யா."

எந்த ராஜா என்று முதலில் தானே சொல்லிவிட வேண்டும் கிளைவுக்கு. எச்சிலைத் தொட்டு, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. மூன்று எழுத்து தெரிந்தது. ஒரு மூக்கும் தெரிந்தது. அடுத்த தேய்ப்பில், வயல் உரம் அரித்துப் பொரிந்திருந்த வெள்ளி பொடியாக விரலோடு வந்துவிட்டது.

பாரி டப்பியைத் திறந்து நீட்டினார். திட்டியிருந்தாலாவது தேவலை.

புதன்கிழமை அருங்காட்சியகத்துப் பெண் இமோஜன் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"வெள்ளிதான் ஐயா. பழசுதான். ஆனா யாரோடதுன்னு சொல்ல இதுல ஒண்ணுமே இல்ல."

"நான் பார்த்தேன்மா. பேரோட முதல் மூணு எழுத்து."

"படம் எடுத்தீங்களா?"

"இல்ல."

"கூட இருந்தவர் பார்த்தாரா?"

"அவன் மூக்குக்கண்ணாடிய வண்டியில வச்சுட்டு வந்துட்டான்."

"இன்னொண்ணு கிடைச்சா..."

"எங்கேம்மா கிடைக்கும்? வயல்ல தூண் இறக்கிட்டாங்க."

அவள் பதிவேட்டில் தட்டச்சு செய்தாள். ராஜா: தெரியவில்லை. நிலை: கண்டெடுத்தபின் தேய்க்கப்பட்டது. கண்டெடுத்தவர்: கிளைவ் தர்கெட்டல்.

அவர் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என் பேர மட்டும் எடுத்துடும்மா."

"பதிவேட்டுல ஏறிட்டா எடுக்க வழியில்லையே ஐயா," என்றாள் அவள்.